இருபத்தேழு வரவில்லை

போன வாரம் நம் பழைய வகுப்புக் குரூப்பில் ஊரடங்குக் காலத்து ஆன்லைன் வகுப்பைப் பற்றி ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் போர்வைக்குள் படுத்தபடியே அட்டெண்டன்ஸ் சொன்ன கதை. ஒருத்தி பரீட்சைக்கு அக்காவை உட்கார வைத்த கதை. சரி, நாமும் ஒன்றைச் சொல்வோம் என்று நான் வாயெடுத்தேன். உடனே நம் அன்றைய லீடர், "நீ எங்கடி இருந்த அப்ப? ஏழாவது முழுக்க நீ கிளாஸுக்கே வரலயே" என்று போட்டாள். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஆமாம் சாமி போட்டிருந்தீர்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். ஹாஸ்டல் சுவர், போன் என் காசில் வாங்கியது, அதனால் அடிக்கவில்லை. பதினெட்டு வயதில் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டாள் கிழவி என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். அந்த ஒரு வருடத்தில் எனக்கு நாற்பது வயது ஏறியது என்று நானே சொல்லிக்கொள்வேன். நான் வகுப்புக்கு வந்தேன். ஒரு நாள் தவறாமல் வந்தேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பதுவரை எனக்குத் தெரியும்.

முதலில் அந்த அன்னத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை மூடுவதற்குச் சில நாள் முன்னால் மகளிர் தினம் வந்தது. ஆறாம் வகுப்பில் நாம் எல்லோரும் மிஸ்ஸுக்கு ஏதாவது கொடுத்தோம். பேனா, ரோஜா, சாக்லேட். நான் பீங்கான் அன்னம் ஒன்று கொண்டுபோனேன். அம்மா செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பொம்மைகளுக்கு ஓரம் சீவும் வேலை செய்தாள். கழுத்தில் முடி கனத்துக்கு விரிசல் விட்டிருந்ததால் கழித்துவிட்ட செகண்ட்ஸ் அது. விரிசல்மேல் வெள்ளைப் பெயிண்டைத் தடவி, "பாத்தா ஒன்னும் தெரியாது, குடு" என்று அம்மா தாளில் சுற்றிக் கொடுத்தாள். மிஸ் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியே கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் மூடியாயிற்று. அந்த அன்னம் வீடு போய்ச் சேர்ந்ததா, கழுத்து போயிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பதினொரு வயதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது உடைந்துவிட்டது, உடைந்த சாமானைக் கொடுத்தவள் நான் என்று மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

ஏழாம் வகுப்புக்கும் அதே மிஸ்தான் வகுப்பாசிரியர். அந்த ஜூனுக்குப் பிறகு கம்பெனியைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை. அப்பா லாரியில் இருந்தார், எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று ராத்திரி போன் வந்தால்தான் தெரியும். வீட்டில் இருந்தது ஒரே போன். அம்மா அதை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். எஸ்டேட்டுக்குப் பின்னால் லைன் வீடு எங்களுடையது, ஒரு அறை, பின்னால் கையகல முற்றம், அதில் பாத்ரூம். அடுத்த வரிசையில் கொரோனா வந்த ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். அதனால் அம்மா என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவாள்.

"யாரு கூப்ட்டாலும் ஜன்னல்லயே பேசு. சோறு குண்டான்ல இருக்குது. கசாயத்தக் குடிச்சிடு, கீழ ஊத்தாத. போன கீழ போட்டன்னா வந்து தோல உரிச்சிடுவேன்."

கசாயத்தை முற்றத்து ஓரமாக ஊற்றினேன். அங்கே இருந்த கீரைச்செடிக்குக் கொரோனா வரவே இல்லை.

காலை எட்டரைக்குப் பூட்டு விழும். சாயங்காலம் ஆறரைக்குத் திறக்கும். நடுவில் எனக்கு ஒரு ஜன்னல், ஒரு போன், நீங்கள். விருத்தாசலத்தில் பிறந்தவர்களுக்கு ரயில் சத்தம் காதிலேயே ஏறாது, அவ்வளவு பழகியிருக்கும். அந்த வருடம் ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் போனபோதுதான், இத்தனை நாள் அது துணைக்கு இருந்தது என்று தெரிந்தது. எப்போதாவது ஒரு கூட்ஸ் வண்டி போகும். எண்ணுவேன். ஐம்பத்தெட்டுப் பெட்டி. அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயம்.

வகுப்பு தொடங்கும் முன்பே, கம்பெனி திறந்த நாளிலிருந்தே, அம்மா வந்ததும் முதல் வேலை போனைத் துடைப்பது. எனக்கு முகம் கழுவி விடுவதைவிடக் கவனமாகத் துடைப்பாள். கம்பெனியிலிருந்து கொண்டுவரும் ஈரத்துணியால் முன்பக்கம், பின்பக்கம், ஓரம், மூலை முடுக்கெல்லாம். "இதுதான்டி இப்ப உனக்கு ஸ்கூலு. ஸ்கூல்ல போயி கிருமி இருக்கலாமா" என்பாள். அப்புறம் அதைக் காதில் வைத்து அப்பாவோடு பேசுவாள், என்னிடம் கொடுப்பாள், நானும் காதில் வைத்துப் பேசுவேன். எல்லாம் நன்றாகத்தான் கேட்டது.

வகுப்பு பத்து மணிக்கு. எல்லோரும் கேமராவை அணைத்திருப்போம், டேட்டா தீர்ந்துவிடும் என்று. பட்டியலில் பாதிப் பேருக்கு அப்பா பெயர், சித்தப்பா பெயர், மளிகைக் கடைப் பெயர். எங்கள் போனில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த வெறும் 'யூசர்'. அந்த மாதிரி நாலைந்து யூசர்கள் இருந்தார்கள். எது யார் என்று மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? நம்பரைக் கூப்பிடுவார், நாம் மைக்கைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நான் தலை வாரி, யூனிபார்ம் போட்டு, போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன்.

"இருபத்தாறு."

"பிரசன்ட் மிஸ்."

"இருபத்தேழு."

"பிரசன்ட் மிஸ்" என்றேன்.

"இருபத்தேழு வரல. இருபத்தெட்டு."

மைக் படத்தைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. மறுநாள் இன்னும் சத்தமாகச் சொன்னேன். வரவில்லை. அடுத்த நாள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். வரவில்லை. எனக்கு உடனே புரிந்துபோயிற்று. அன்னம்.

இப்போது நினைத்தால் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போன் கெட்டிருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. மிஸ் என்னைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார், வேண்டுமென்றே செய்கிறார், நான் செய்ததற்கு இது தண்டனை என்றுதான் நம்பினேன். அம்மாவிடம் சொல்ல முடியுமா? விரிசலுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவளே அவள்தான். அவளையும் சேர்த்து மாட்டிவிட்டதாகிவிடும். குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். வகுப்பு நடக்கும்போது சாட்டில் டைப் பண்ணக் கூடாது, பின் பெஞ்சு ஆட்கள் மூன்றாம் நாளே அதில் கண்டதையும் எழுதி அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். மிஸ்ஸின் நம்பருக்கு வீட்டுப்பாடப் போட்டோ அனுப்புவோமே, அதோடு ஒருநாள் துணிந்து, 'மிஸ் நான் டெய்லி வரேன் மிஸ்' என்று எழுதி அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். நூறு பேருக்குக் கட்டைவிரல் போட்டுக் களைத்த கை அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த மஞ்சள் விரலையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேச முடியாதவளுக்குக் காது நீளும். நீங்கள் மைக்கை அணைக்க மறப்பீர்களே, அதில்தான் என் பொழுது போயிற்று. லீடரே, உங்கள் வீட்டில் பத்தரைக்கு மிக்சி ஓடும். வாரத்தில் மூன்று நாள் சட்னி, மற்ற நாள் மசாலா, இரண்டுக்கும் சத்தம் வேறு. சேத்தியாத்தோப்புப் பக்கம் சிக்னலுக்காக வரப்பில் வந்து உட்கார்ந்தவனே, உன் பின்னால் மோட்டார் ஓடுவதும் தண்ணீர் கொட்டுவதும் கேட்கும். அந்தத் தண்ணீரில் காலை வைத்திருக்கிறாயா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். கணக்கில் நூறு வாங்குகிறவனின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுப்பார், தப்பாக. அதைக் கேட்டுத் தனியாக விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற என் பெஞ்சுத் தோழியின் மைக்கில் பாங்கு சத்தம் கேட்கும். அது கேட்டால் வகுப்பு முடியப் போகிறது என்று அர்த்தம். எனக்கு அதற்கப்புறம் சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. அவள் அப்பா குவைத்தில் இருந்தார், வேலையும் இல்லாமல் விமானமும் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒருநாள் அறிவியல் வகுப்புக்கு நடுவில் அவள் மைக்கில் அழுகைச் சத்தம் வந்தது. "யாரது, மைக்க ஆஃப் பண்ணுங்க" என்றார் மிஸ். அவள் அணைப்பதற்குள் நான் போனைக் கையில் எடுத்து, "அழாதடி, வந்துடுவாருடி, நான் இருக்கேன்டி" என்று சொன்னேன். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை போல, என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் அவளே கேட்டாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"மிஸ், இருபத்தேழு ஏன் மிஸ் வரதே இல்ல? அவளுக்கு ஒடம்பு சரியில்லையா மிஸ்?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஹோம் ஒர்க் மட்டும் ஒழுங்கா போட்டோ வருது, ஆளு கிளாஸ்ல இல்ல. யாரப் பாத்து எழுதறாளோ. இன்ட்ரெஸ்ட் இல்லாத புள்ளைங்கள நம்ம என்னா பண்றது?"

நான் கத்தினேன். இங்கதான்டி இருக்கேன், இங்கதான் மிஸ் இருக்கேன், நானேதான் மிஸ் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே போன ஆடு ஒன்று நின்று என்னைப் பார்த்தது. அந்தக் காலத்தில் என் குரலைக் கேட்டுத் திரும்பியது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் மிஸ் அம்மாவுக்குப் போன் பண்ணினார். அம்மா அப்போதுதான் துடைத்து முடித்திருந்தாள். காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டாள், மிஸ் எதிரில் நிற்கிற மாதிரி. "சரிங்க மிஸ். சரிங்க மிஸ். நான் பாத்துக்கறங்க மிஸ்." போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"கிளாஸ போட்டு வச்சிட்டு எங்கடி போற?"

"எங்கயும் போவலம்மா. பூட்டிட்டுத்தானே போற."

"அப்பறம் கூப்ட்டா ஏன் பதில் சொல்லல?"

"சொன்னேம்மா. தெனமும் சொல்றேன்."

"டீச்சரு பொய் சொல்றாங்களா? அவ்ளோ படிச்சவங்க பொய் சொல்றாங்க, நீ நெசம் சொல்ற?"

அடி விழுந்தது. முதுகில், கையில், கடைசியாக வாயில். மண்ணில் ஊறி ஊறி அம்மாவின் விரல் நுனியெல்லாம் சொரசொரவென்று இருக்கும். உதட்டில் பட்டது எரிந்தது. "உன்ன கம்பெனிக்கு அனுப்பக் கூடாதுன்னுதான்டி நான் போயி சாவறேன். இந்த வாயி பொய் சொல்லுதே" என்று அழுதுகொண்டே அடித்தாள். நான் அழவில்லை. இனிமேல் இவளோடு பேசுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பிடிவாதக்காரி என்பீர்களே, அது அன்றைக்குப் பிறந்த பிடிவாதம்.

பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன். கூப்பிட்டால் போய் நின்றேன். தலையை ஆட்டினேன். ராத்திரி அப்பா போனுக்குத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் ஜன்னல் ஓரமாக நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு குடுத்ததுல திருந்திடுச்சிக்கா. இப்பல்லாம் எதுத்து ஒரு வார்த்த இல்ல. சொன்னத கேக்குது."

"பொட்டப் புள்ளன்னா அப்பிடித்தான் இருக்கணும். வூட்ல புள்ள இருக்குதான்னே தெரியல, அவ்ளோ அமைதி."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அமைதியான பிள்ளை என்று தெருவில் பேர் வாங்கினேன். வகுப்பில் மட்டும் தினமும் என் நம்பருக்குப் பதில் சொன்னேன். அதை ஏன் விடவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டால் அவர்கள் சொல்வது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மிஸ் மறுபடி கூப்பிட்டார். இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவதாகப் பெரிய மிஸ் சொல்கிறார், நாளை ஒருநாள்தான் பார்ப்பேன் என்றார். பேசி முடித்ததும் அம்மா இந்தத் தடவை அடிக்கவில்லை. அரிவாள்மனைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு எங்கூட வா. என் கண்ணெதிர்ல உக்காந்து படி. நீ சொல்றியா இல்லயான்னு நானே பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். முதலாளி கடலூர் போயிருந்தார். ஈரப் பொம்மைக்குக் காற்றுப் பட்டால் வெடிக்கும் என்று அந்தக் கொட்டகையில் ஃபேன் போடமாட்டார்கள். பேச்சும் அதிகம் இருக்காது. மாஸ்க் போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் கத்தியும் பஞ்சுமாக உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். பலகையில் வரிசை வரிசையாகக் கண் எழுதாத பிள்ளையார்கள், அன்னங்கள். அம்மா ஒரு அன்னத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். போன் கவிழ்த்து வைத்த அச்சின்மேல் சாய்ந்திருந்தது.

"இருபத்தாறு."

"பிரசன்ட் மிஸ்."

"இருபத்தேழு."

அம்மா என் வாயைப் பார்த்தாள்.

"பிரசன்ட் மிஸ்" என்றேன்.

"இருபத்தேழு."

"பிரசன்ட் மிஸ். பிரசன்ட் மிஸ்."

"இன்னிக்கும் வரல. இருபத்தெட்டு."

கொட்டகையில் கத்திச் சத்தம் நின்றுபோயிற்று. அச்சில் மண் கரைசல் ஊற்றுகிற அக்கா கையில் மக்கோடு அப்படியே நின்றார்.

"ஏம்மா, புள்ள மூணு வாட்டி சொல்லுது, அந்தம்மாவுக்குக் காது கேக்கலயா? பாப்பா, நீ இன்னொரு வாட்டி சொல்லு, நல்லா கத்தி."

கத்தினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சூளைப் பக்கம் வேலை செய்த ஆண்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். போனுக்குள் மிஸ் நிதானமாக, "முப்பத்தொன்னு" என்றார்.

"போனுதான் கெட்டுக் கெடக்குது. புள்ளயப் போயி அடிச்சேன்னு சொன்னியே" என்றார் அந்த அக்கா. அம்மாவின் கையில் இருந்த அன்னத்தின் கழுத்து நசுங்கிப் பிசையப்பட்ட மாவாகிவிட்டிருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். பாதிக் கடை ஷட்டர் இறக்கியிருந்தது. செல்போன் கடைத் தம்பி ஷட்டரைக் கால்வாசி தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனில வேல செய்றீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. எப்பிடி தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே. கீழ ஒரு மைக் இருக்குது, காதுல வச்சி பேசுனா அது. மேல ஒன்னு இருக்குது, ஸ்பீக்கர்ல போட்டா இந்த போன்ல அதுதான் வேல செய்யும். அதுல மண்ணு பூந்து காஞ்சி கல்லாயிட்டுது. போன எதால தொடைப்பீங்க?"

"ஈரத்துணியாலப்பா. தெனமும் தொடைப்பேன்."

"கம்பெனித் துணியா?"

அம்மா தலையாட்டினாள்.

"அதாங்க்கா. துணியில இருக்கற மண்ணுதான். தொடைக்கத் தொடைக்க உள்ள போயிருக்குது. தொடைக்காம வுட்டிருந்தீங்கன்னா ஒன்னும் ஆயிருக்காது."

ஊசி மாதிரி ஒன்றை வைத்து நெம்பினார். வெள்ளையாக ஒன்று வந்து கண்ணாடி மேல் விழுந்தது. ரவையில் பாதிகூட இல்லை. அம்மா அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், கம்பெனியில் பதம் பார்க்கிற மாதிரியே. "எங்க மண்ணுதான்" என்றாள். எதிரே டீக்கடையில் கை கழுவ டிரம்மில் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார்கள். அங்கே போய்க் கழுவ ஆரம்பித்தவள் கழுவிக்கொண்டே இருந்தாள். டீக்கடைக்காரர், "தண்ணி தீந்துடும்மா" என்று சொல்கிறவரை கழுவினாள். நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டையும் மறைக்க வேண்டிய வயது இப்போது எனக்கு இல்லை.

வழியெல்லாம் அவள் என் கையைப் பிடிக்காமலே நடந்தாள். நானோ பேச்சை எப்போதோ நிறுத்தியிருந்தேன். ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று தலையைத் தொட்டவள், கையோடு வந்த முடியைப் பார்த்துவிட்டு விளக்கடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். "எத்தினி நாளா இப்பிடி கொட்டுது?" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. குளித்து, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கேமரா அணைந்துதான் இருந்தது, அது அவளுக்குத் தெரியாது.

"இருபத்தாறு."

"பிரசன்ட் மிஸ்."

"இருபத்தேழு."

வாயைத் திறந்தேன். இந்தத் தடவை கேட்கும். மிஸ்ஸுக்குக் கேட்கும், மங்கலம்பேட்டைக்காரிக்குக் கேட்கும், உங்கள் முப்பத்தேழு பேர் வீட்டுக்குள்ளும் போகும். தெரிந்த இரண்டே வார்த்தை, அதில் ஒன்றுகூட வரவில்லை. அத்தனை நாளும் ஆட்டுக்கும் சுவருக்கும் சொல்லிப் பழகியவள், ஆட்கள் கேட்கிறார்கள் என்றதும் பயந்துவிட்டேன்.

"இருபத்தேழு... வரல."

அம்மா சட்டென்று குனிந்தாள். போனைக் கையால் தொடவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஈரப் பொம்மையைத் தூக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டாள்.

"மிஸ், வணக்கங்க. நான் அவ அம்மா பேசறங்க. புள்ள இருக்குதுங்க மிஸ். இத்தினி நாளும் இருந்துச்சிங்க. தெனமும் சொல்லியிருக்குதுங்க. போன்ல மண்ணு அடச்சிக்கிட்டுதுங்க, அது என் கை மண்ணுதாங்க. அது மேல ஒரு தப்பும் இல்லைங்க. தெரியாம நான்தாங்க புள்ளய அடிச்சிட்டேன். பேர எடுத்துடாதீங்க மிஸ்."

உங்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தீர்கள். அப்புறம் இன்னொருவர். யாரென்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லப் போவதில்லை. மங்கலம்பேட்டை மைக்கில், "சிரிக்காதீங்கடா" என்று ஒரு குரல் வந்தது. மிஸ் வீட்டிலும் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

"சரிம்மா. சரி. நான் எழுதிக்கறேன். கிளாஸுக்கு நேரமாவுது, மைக்க ஆஃப் பண்ணிடுங்க. இருபத்தெட்டு."

"பிரசன்ட் மிஸ்."

அவ்வளவுதான். அம்மா போனைப் பிடித்தபடியே இருந்தாள். என் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏண்டி, நான் பேசுனது அவங்களுக்குக் கேட்டுச்சா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பத்து நாளாகப் பார்க்காத முகம். நான் அந்த போனுக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்ட கேள்வியை அவள் கேட்டாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

பத்து நாள் கழித்து என் அம்மாவோடு நான் பேசிய முதல் வார்த்தை அது. மைக்கை நாங்கள் இன்னும் அணைத்திருக்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் அது கேட்டிருக்கும்.